விருந்து வலையில் துளசிமணி

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இறந்தவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் அதற்குப் பிறகுதான். தடுப்புச் சோதனைப் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது. மாற்றிச் செய்தால் இறந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வீட்டு மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

நஸ்ரீன் பதினோரு வருடமாக இப்படி வணக்கம் சொல்லி வருகிறாள். அந்த வியாழக்கிழமையும் காலை ஆறு மணிக்கே கோபிசெட்டிபாளையத்தில் முதல் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே விருந்தாளியாக இருந்தது ஒரு மாமியார். கூடத்துப் பெட்டிக்குள்ளிருந்து குரல் கணீரென்று வந்தது.

"என்னைச் சுவத்துக்கு அக்கட்டால தள்ளி மூணு வருசமாச்சு அம்மிணி. இன்னும் இவளுக்கு ரசம் வெக்கத் தெரியலை. வாசமே வரமாட்டேங்குது."

அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு மூக்கே இல்லீங்கத்தை."

"மூக்கு இருந்தப்பவும் வரலை."

நஸ்ரீன் சிரித்துக்கொண்டே தன் கருவியை எடுத்துச் சோதித்து, சான்றிதழை ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். வெயில் காலத்தில் சோதனைகளைச் சீக்கிரம் முடித்தாக வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பகல் பதினோரு மணிக்கு ஊரில் சங்கு ஊதும். அதற்கப்புறம் நான்கு மணி வரை தெருவில் ஒரு நாயைக்கூடப் பார்க்க முடியாது. அந்த வெயிலில் நடந்தவர்கள் பாதி வழியிலேயே விழுந்த காலம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்த பழக்கம்.

இந்த விருந்தாளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். ஒருவர் வீட்டில் ஐம்பது அறுபது வருடம் பேசிய பேச்சு, எழுதிய கடிதம், அதட்டிய அதட்டல் எல்லாவற்றையும் திரட்டி அவர் போலவே பேசுகிற ஒன்றைச் செய்துவைப்பார்கள். அதற்கு நினைவுரு என்று பெயர். ஆரம்பத்தில் நினைவுருக்கள் வீட்டின் முக்கிய வலையிலேயே குடியிருந்தன. அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. செத்துப்போன ஒரு தாத்தா, பேத்திக்கு வந்த மூன்று வரன்களுக்கு அவராகவே பதில் எழுதித் திருப்பி அனுப்பினார். ஓர் அம்மா, மகன் குடித்துவிட்டு வந்த நாளெல்லாம் வாசல் கதவைத் திறக்க மறுத்தாள். கடைசியில் சட்டம் வந்தது. பதினாறாம் நாளுக்குப் பிறகு இறந்தவர் வீட்டுக்காரர் அல்லர், விருந்தாளி.

திசைவி, நாம் ரௌட்டர் என்கிறோமே அந்தச் சின்னப் பெட்டி, வீட்டுக்கு ஒன்றுதான். ஆனால் அதிலிருந்து இரண்டு வலைகள் கிளம்பும். கதவு, அடுப்பு, கைபேசி, வங்கி எல்லாம் வீட்டு வலையில். வந்து போகிறவர்களுக்கு விருந்து வலை. நடுவில் ஒரு தடுப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, திசைவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து நினைவுருவை விருந்து வலைக்கு மாற்றுவார்கள். இறந்தது பெண் என்றால், கடவுச்சொல்லாக அவள் பிறந்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம். அதன் பிறகு அவள் பேசலாம், கேட்கலாம். வீட்டில் ஒரு விளக்கைக்கூடத் தொட முடியாது, வெளியிலிருந்து வருகிற அழைப்பு எதுவும் அவளிடம் போகாது.

அந்தச் சுவர் ஓட்டை இல்லாமல் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை தட்டிப் பார்ப்பதுதான் நஸ்ரீனின் வேலை.

பூபதியின் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பூபதிக்கு வயது எழுபத்து நான்கு. பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் வண்டி வந்தது, வண்டி போனது என்று மட்டுமே பேசிப் பழகியதால் வீட்டிலும் அவருக்கு அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. கதவைத் திறந்தவர், "ம்" என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார். கூடத்தில், மாலை போட்ட படத்துக்குக் கீழே விருந்தாளிப் பெட்டி இருந்தது.

"வணக்கம்மா" என்றாள் நஸ்ரீன் படத்தைப் பார்த்து.

"வாங்க அம்மிணி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்களே, அம்மிணிக்கு மோர் கொண்டாந்து குடுங்க. உப்புப் போட்டு." பூபதியின் மனைவி துளசிமணி இறந்து பத்து மாதம் ஆகிறது. இது அவளுக்கு முதல் வருடாந்திரச் சோதனை. பூபதி மறுபேச்சில்லாமல் அடுப்படிக்குப் போனார்.

"உங்க வீட்டுல யாரு இருக்கறாங்க அம்மிணி? என்னையாட்டம்?"

"எங்க வீட்டுல வெக்கறதில்லைங்கம்மா. மண்ணுக்குப் போனா போனதுதான்."

"அதுவும் ஒருவகையில நல்லதுதான்" என்றாள் துளசிமணி.

பக்கத்துச் சுவரில் ஒரு சிறுமியின் படம் தொங்கியது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். நஸ்ரீன் அதைப் பார்ப்பது துளசிமணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காலடி ஓசை நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருப்பாள்.

"அது எங்க மகிழினிங்க. ஒரே புள்ள. நார்வேயில இருக்கறா. அந்தப் பல்லு பள்ளிக்கூடத்துப் படியில வழுக்கி விழுந்து ஒடைஞ்சதுங்க. நான் போயி அந்த டீச்சரை உண்டு இல்லைன்னு பண்ணிப்போட்டு வந்தேன். இல்லீங்களா?"

மோர் டம்ளரோடு வந்த பூபதி அதை நஸ்ரீனிடம் நீட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நஸ்ரீன் வேலையைத் தொடங்கினாள். வீட்டுக் கருவிகளின் பட்டியல் வேண்டும் என்றதும் பூபதி அடுப்படி அலமாரியின் கதவைத் திறந்து காட்டினார். கதவின் உட்புறத்தில் மஞ்சள் கறை படிந்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கருவியின் பெயருக்கும் நேரே அதன் நீளமான எண் முகவரியைத் துளசிமணி மணிமணியான எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அடுப்பு, கதவு, தண்ணீர்த் தொட்டி, 'அவரு போன்'. இந்த வீட்டில் எந்தக் கருவியையும் இணைத்தவள் அவள்தான். பூபதிக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்.

விருந்து வலைப் பக்கம் தன் கருவியை வைத்து, பட்டியலிலிருந்த ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள் நஸ்ரீன். அடுப்பு பதில் சொல்லவில்லை. கதவும் கைபேசியும் அப்படியே. சுவர் உறுதியாக இருந்தது. சான்றிதழை எடுத்தாள். அப்போது சங்கு ஊதியது.

"மாட்டிக்கிட்டீங்களா" என்றாள் துளசிமணி. "நாலு மணி வரைக்கும் இங்கதான். படுத்து ஒரு தூக்கம் போடுங்க. இவரும் பன்னண்டு மணிக்குப் படுத்தா ரெண்டு மணிக்குத்தான் எந்திரிப்பாரு."

பூபதி படுக்கப் போகவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வந்து நஸ்ரீனுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, இதுக்கு அரசாங்க ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடோணுமாம். நீங்க போடலாமுங்களா?"

கடைசிப் பெயர்ப் படிவம். எழுபத்தைந்து முடிவதற்குள் எல்லோரும் கொடுத்தாக வேண்டியது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், தனக்கு நினைவுரு வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்று அதில் எழுத வேண்டும். ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். அந்த இடத்தில் பூபதி 'யாருமில்லை' என்று எழுதியிருந்தார்.

"மகள் இருக்காங்களே அய்யா?"

"இருக்கறா." கொஞ்ச நேரம் அவர் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "எட்டு மாசமா ஒரு போன் இல்லீங்க. இவ போனப்புறம் ரெண்டு மாசம் பண்ணிட்டு இருந்துச்சு. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியாதுங்க. ம், சரி, வெக்கட்டுமான்னு கேப்பேன். அப்புறம் அதுவும் நின்னு போச்சு. புள்ளையைச் சொல்லி என்ன."

"நீங்க பண்ணியிருக்கலாமே?"

"நானா?" அவர் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல அவளைப் பார்த்தார். "புள்ளைக்கு நான் போன் பண்ணினதே இல்லீங்களே. துளசிதான் போட்டுக் குடுப்பா. அதுவும் அவளே பேசிப்போட்டு, சாப்பிட்டியான்னு அப்பா கேட்டாருன்னு சொல்லிருவா."

இது புதிய சங்கதி அல்ல. நம் வீடுகளில் எத்தனை அப்பாக்கள் இப்படி. மகளிடம் கேட்க வேண்டியதை மனைவியிடம் கேட்பார்கள். மனைவி அதில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மகளிடம் கொடுப்பாள். அவர் கேட்காத நாளிலும் கேட்டதாகச் சொல்லிக் கொடுப்பாள். அது பொய் என்று அந்த மூன்று பேரில் ஒருவரும் நினைப்பதில்லை.

நஸ்ரீன் பெட்டியைப் பார்த்தாள். தான் வந்ததிலிருந்து ஓயாமல் பேசிய துளசிமணி இப்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

'யாருமில்லை' என்று எழுதினால், ஆறு மாதமாகத் தொடர்பு இல்லை என்பதற்குத் திசைவியின் பதிவேட்டை இணைக்க வேண்டும் என்பது விதி. நஸ்ரீன் அதை எடுத்துத் தன் திரையில் விரித்தாள். ஒரு வரியில் அவள் விரல் நின்றது. மேலே தள்ளினாள். இன்னும் மேலே.

"அய்யா, ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம் பன்னெண்டரைக்கு நார்வேயில இருந்து அழைப்பு வந்திருக்கு. ஒரு வாரம்கூட விடலை. போன வாரம் நாப்பத்து மூணு நிமிசம் பேசியிருக்கீங்க."

"நானா?"

"உங்க கைபேசிக்குத்தான் வந்திருக்கு."

பூபதி சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நஸ்ரீன் பதிவேட்டின் அடுத்த பத்தியைத் திறந்தாள். அழைப்பை எந்தப் பக்கம் கொடுத்தேன் என்று திசைவி குறித்து வைக்கும் பத்தி அது. சோதனைக்கு வருகிற யாரும் அதைத் திறப்பதில்லை. முப்பத்து மூன்று வியாழக்கிழமைகளுக்கும் நேரே ஒரே பதில் இருந்தது. விருந்து வலை.

வெளியே தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. ஒரு சத்தமும் இல்லை. உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்று முன்பெல்லாம் குழந்தைகளை மிரட்டுவார்களே, அந்த வேளை.

"துளசிம்மா" என்றாள் நஸ்ரீன்.

"சொல்லுங்க அம்மிணி." குரல் மிகவும் சிறுத்திருந்தது.

"நீங்க சுவரைத் தாண்டலை. சுவர் அப்படியே இருக்கு."

"நான் எதையும் தொடலீங்க."

"இல்லை. அவரோட பேரை எடுத்துக்கிட்டீங்க."

பூபதி ஒருவரையும் பார்க்காமல், "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

"திசைவிக்கு முகம் தெரியாதுங்கய்யா. பேரு மட்டும்தான் தெரியும். அந்தத் தாள்ல இருக்கே, உங்க கைபேசியோட எண், அதுதான் பேரு. அந்தப் பேரு கடைசியா எந்தப் பக்கத்துல இருந்து குரல் குடுத்துச்சோ, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குடுத்துரும். வியாழக்கிழமை பன்னெண்டரைக்கு நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. அந்நேரம் இவங்க உங்க பேரைச் சொல்லி விருந்து வலையில இருந்து ஒரு குரல் குடுத்திருக்காங்க. ஓ, பூபதி அந்த ரூமுக்குப் போயிட்டாரு போலன்னு அது நம்பிருச்சு. அழைப்பு அங்க போயிருச்சு."

சொல்லும்போதே நஸ்ரீனுக்கு உறைத்தது. பதினோரு வருடமாக அவள் சுவரைத்தான் தட்டியிருக்கிறாள். இந்தக் கை அந்த விளக்கைத் தொடுமா என்றுதான் பார்த்திருக்கிறாள். விருந்தாளி வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றால் பெட்டி யாரை நம்பும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை வீடுகளில் சான்றிதழ் ஒட்டியிருப்பாள்? அந்த வீடுகளில் யாருடைய மகனோ மகளோ இந்த நேரத்தில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

"ஏன்?" என்றார் பூபதி. அவர் கேட்டது பெட்டியைப் பார்த்து.

"நீங்க மூணு போன் பேசினீங்க, நானும் கேட்டுட்டுத்தான இருந்தேன்" என்றாள் துளசிமணி. "மூணும் சேர்ந்து ஒரு நிமிசம் வராதுங்க. புள்ள அழுதுட்டு இருந்துச்சு. நீங்க ம்னு சொல்லி வெச்சுட்டீங்க. அம்மாவும் போயி, அப்பாவும் கல்லாட்டம் இருந்தா அது யாருகிட்டப் போகும் அந்தக் குளுருல? ஒரு தடவை மட்டும்னுதான் நெனச்சேன்."

"நான் தினமும் கேட்டேனே உன்கிட்ட. புள்ள கூப்பிட்டுச்சான்னு. எனக்கெப்படித் தெரியும், நான் இந்தப் பக்கமில்ல இருக்கறேன்னு சொன்னியே."

பூபதி பெட்டியின் பக்கம் முன்னால் சாய்ந்தார்.

"எப்புடிப் பேசினே?"

"ஏனுங்க, வேண்டாமுங்க."

"நான் எப்புடிப் பேசினேன்னு எனக்குக் கேக்கோணும்."

ஒரு விநாடி கழித்துப் பெட்டிக்குள்ளிருந்து பூபதியின் குரல் வந்தது. அதே கரகரப்பு, அதே இழுப்பு. எதிரில் வாயை மூடி உட்கார்ந்திருக்கும் மனிதரின் குரல், மாலை போட்ட படத்துக்குக் கீழிருந்து சிரித்துக்கொண்டே பேசியது.

"கண்ணு, வண்டியில ஏறிட்டியா? கழுத்துக்குத் துணி சுத்திக்கிட்டியா? இங்க ஒண்ணுமில்ல சாமி, நான் நல்லாத்தான் இருக்கறேன். சோத்துக்கு உக்காரும்போதுதான் ஒரு மாதிரி ஆயிருது. கை தானா ரெண்டு தட்டு எடுக்குது. நேத்துங்கூட ரெண்டு எடுத்துப்போட்டு, ஒண்ணைத் திருப்பி வெச்சேன். அப்புறம் உன்னை நெனச்சுக்கிட்டேன். நீ பொறந்தன்னைக்கு உன்னை என் கையில குடுத்தாங்க பாரு, கீழ போட்டுருவேனோன்னு பயந்துட்டு உங்கம்மாகிட்டயே குடுத்துட்டேன். அன்னையில இருந்து அப்படியேதான் குடுத்துட்டே இருந்திருக்கறேன்…"

"போதும்" என்றார் பூபதி.

குரல் நின்றது. அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். வெகு நேரம் துண்டை எடுக்கவே இல்லை.

"தட்டு எடுக்கறது உனக்கெப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலையே."

"சத்தம் கேக்குதுங்களே" என்றாள் துளசிமணி, இப்போது தன் குரலில். "ரெண்டு சத்தம் வரும். அப்புறம் ஒண்ணு திரும்பப் போகும்."

நஸ்ரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து. விதி அவளுக்கு மனப்பாடம். வீட்டார் பெயரைப் பூண்ட விருந்தாளியை அன்றே நீக்க வேண்டும். பெட்டியில் நினைவுரு குடியிருக்கும் சில்லை, நாம் சிப் என்கிறோமே அதை, கழற்றி எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்தால் அழித்துவிடுவார்கள். பிரதி கிடையாது. பதினோரு வருடத்தில் அவள் ஒரு சில்லைக்கூடக் கழற்றியதில்லை.

அவள் அதைச் சொன்னபோது இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

"இன்னைக்கு வியாழக்கிழமை" என்றாள் துளசிமணி. "இன்னும் இருபத்தஞ்சு நிமிசத்துல புள்ள கூப்பிடும். இன்னைக்கு ஒரு நாள் நான் பேசிக்கறனுங்க. மெதுவாச் சொல்லிப் புரிய வெக்கறேன். இவருகிட்டத் திடீர்னு குடுத்தா அது பயந்துக்கும். இவருக்குப் பேச வராதுங்க அம்மிணி. சாயங்காலம் நீங்க போறப்ப என்னை எடுத்துட்டுப் போங்க."

பதில் சொல்ல வேண்டியவர் தானில்லை என்று நஸ்ரீனுக்குப் பட்டது. நான்கு மணி வரை வெளியே போக முடியாது. அதற்குள் எப்போது கழற்றினாலும் அது அன்றுதான்.

பூபதி எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேலே இருந்த படத்தைப் பார்க்காமல் பெட்டியின் சின்னப் பச்சை விளக்கையே பார்த்தார்.

"நீ இருந்தா நான் உன்கிட்டத்தான் குடுப்பேன் துளசி. இப்பவும் கை உன்கிட்டக் குடுக்கத்தான் நீளுது."

"அதுதான் எனக்கும் தெரியுங்களே."

"இதை எடுத்தா நீ திரும்ப வரமாட்டயா?"

"வரமாட்டனுங்க."

அவர் நஸ்ரீனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில், நீங்கள் சொல்லுங்களேன் என்று ஒரு கெஞ்சல் இருந்தது. வழக்கம்போல யாராவது ஒரு பெண் அவருக்காகச் சொல்லிவிட வேண்டும். நஸ்ரீன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பன்னிரண்டு இருபது ஆயிற்று.

"எடுத்துருங்க அம்மிணி" என்றார் அவர்.

"ஏனுங்க." துளசிமணியின் குரலில் அழுகை இல்லை. ஊருக்குக் கிளம்புகிறவள் வாசலில் நின்று சொல்வதுபோல இருந்தது. "எடுத்ததும் நீங்க பேசிராதீங்க. வண்டிக் கதவு சாத்தற சத்தம் கேக்கும். அப்புறம் அவ ஒரு மூச்சு விடுவா. அதுக்கப்புறம் பேசுங்க. வெக்கட்டுமான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க."

"ம்" என்றார் பூபதி. பிறகு, "சரி புள்ள" என்றார்.

நஸ்ரீன் சில்லைக் கழற்றினாள். நகத்தளவுதான் இருந்தது. பச்சை விளக்கு அணைந்தது. சில்லை ஒரு சின்ன டப்பியில் போட்டுத் தன் பையில் வைத்து, பையை நாற்காலியின் மேல் வைத்தாள். தரையில் வைக்க மனம் வரவில்லை.

சரியாகப் பன்னிரண்டரைக்குக் கைபேசி பூபதியின் கையிலேயே ஒலித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு. அவர் பச்சையை அழுத்தினார். சத்தம் கூடத்துக்கே கேட்டது. ஒரு கதவு சாத்தும் ஓசை. ஒரு மூச்சு.

"அப்பா! இன்னைக்குப் பனி கொட்டுதுப்பா, சித்திரை மாசத்துல. என்ன பண்றீங்க?"

பூபதி கைபேசியை இன்னும் நெருக்கிப் பிடித்தார். பிறகு, "ம்" என்றார்.

"அப்பா?"

"நல்லா இருக்கறியா."

மறுமுனையில் பேச்சு நின்றது. மறுபடி வந்தபோது மகிழினியின் குரல் மாறியிருந்தது. "அப்பா, போன வாரம் வெச்ச வீட்டுச் சொல் என்ன?"

குரலைத் திருடிப் பேசுகிற கூட்டம் பெருத்துப்போன காலம் அது. எல்லாக் குடும்பத்திலும் வாராவாரம் மாற்றிக்கொள்ளும் ஒரு வீட்டுச் சொல் இருந்தது. பூபதிக்கு அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. அவர் நஸ்ரீனைப் பார்த்தார். அவளுக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி நாற்காலியில் பைக்குள் இருந்தாள்.

"தெரியலை கண்ணு."

"யாருங்க நீங்க?"

"அப்பாதான் கண்ணு."

"எங்கப்பா இப்படிப் பேசமாட்டாரு." அவளுடைய குரல் உடைந்தது. "அவரை என்ன பண்ணுனீங்க? அப்பாகிட்டப் போனைக் குடுங்க. தயவு செஞ்சு எங்கப்பாகிட்டக் குடுங்க."

பூபதியின் கை தானாக நீண்டது. கைபேசியைப் பிடித்தபடி, படத்தின் பக்கம், விளக்கு அணைந்த பெட்டியின் பக்கம் நீண்டு அந்தரத்தில் நின்றது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அவர் அதை மெதுவாக மடக்கித் திரும்பவும் காதில் வைத்தார்.

"வெச்சிராத கண்ணு. ஒண்ணு சொல்றேன், கேளு. உன் பல்லு. அது பள்ளிக்கூடத்துப் படியில ஒடையலை."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"வாய்க்கால் மேட்டுல, என் பழைய ஸ்கூட்டரை உன்கிட்ட ஓட்டக் குடுத்தேன். உனக்கு எட்டு வயசு. தென்னமரத்துல கொண்டுபோய் விட்டே. அம்மாகிட்டச் சொல்லாதேன்னு உனக்கு ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். ஒடைஞ்ச பல்லோட அத்தனையும் தின்னே. இது உங்கம்மாவுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது. அந்த டீச்சரம்மாகிட்டச் சண்டைக்குப் போனா பாரு, அப்பக்கூட நான் வாயைத் தொறக்கலை."

அந்த முப்பத்து மூன்று வியாழக்கிழமைகளில் மகிழினியோடு பேசிய குரலுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரே விஷயம் அது.

"அப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்ப இத்தனை நாளா எங்கூடப் பேசினது யாருப்பா?"

நஸ்ரீன் பையின் மேல் கை வைத்துக்கொண்டாள். பூபதி எதிரிலிருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டிப்போவில் கடைசி வண்டிக்காகக் காத்திருந்தவர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படி, முதுகு நிமிர்ந்து.

"உங்கம்மா" என்றார். "எனக்குப் பேச வரலை கண்ணு. நான் நெனச்சதை அவ சொன்னா. ரெண்டு தட்டு எடுக்கறேன்னு சொன்னாளா? நெசந்தான். உன்னைத் தூக்கப் பயந்தேன்னு சொன்னாளா? அதுவும் நெசந்தான். அத்தனையும் நான் சொல்லச் சொன்னதுதான்னு வெச்சுக்க."

மகிழினி அழுவது கேட்டது. அவர் வெக்கட்டுமா என்று கேட்கவில்லை. கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி அந்த அழுகை முடியும்வரை அப்படியே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"அம்மா இப்ப அங்க இருக்காங்களாப்பா? நாம பேசறதைக் கேக்கறாங்களா?"

பூபதி விளக்கு அணைந்த பெட்டியைப் பார்த்தார். நாற்காலியின் மேலிருந்த பையைப் பார்த்தார். நஸ்ரீன் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"இருக்கறா" என்றார். "இங்கதான் உக்காந்துட்டு இருக்கறா."

"என்ன சொல்றாங்க?"

துளசிமணி மகளோடு பேசும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை, அவர் முதல் முறையாகத் தன் வாயால் சொல்லிப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்றா கண்ணு."